கொல்லைப்புறத்துத் தச்சன்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பந்தல் உண்டு. தாத்தாவின் வள்ளம் கடலுக்கு இனி உதவாது என்று ஆனபோது, அதன் பலகைகளையும் குறுக்குக் கட்டைகளையும் கழற்றிக் கொணர்ந்து எழுப்பிய பந்தல் அது. கடலில் ஓய்வு பெற்ற மரம் வீட்டில் வேலைக்கு அமர்வது தூத்துக்குடிக் கரையில் புதிதன்று. நடமாட்டம் குறைந்த பின் அம்மாவுக்குப் பிற்பகல் முழுவதும் அந்தப் பந்தலின் கீழேதான். நாற்காலியில் அமர்ந்து செபமாலை சொல்லிக் கொண்டிருப்பார்.

சென்ற தவக்காலத்தில் ஒருநாள் அம்மாவின் சேலையில் மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. தட்டிவிட்டோம், மறுநாளும் படிந்தது. அண்ணாந்து பார்த்தால், பந்தலின் நடு உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளைகள் ஐந்தாறு. அவற்றிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள கரிய உருவங்கள் வந்து போயின. துறைமுகத்து நீரில் எண்ணெய் மிதக்கும்போது தோன்றும் கருநீல மினுமினுப்பு அவற்றின் சிறகுகளில் இருந்தது. சில, மனிதர் முகத்துக்கு முன்னே வந்து அந்தரத்தில் நின்று உற்றுப் பார்த்தன. அந்த இரைச்சலைக் கேட்டாலே நெஞ்சு பதைத்தது.

"கதண்டு" என்றான் தம்பி. சனிக்கிழமை இரவு தீப்பந்தம் கொளுத்துவதென்று முடிவாயிற்று. அவன் அஞ்சியதில் தவறு காண இயலாது. கதண்டுகள் கூட்டமாகக் கொட்டி உயிர் போனதாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. எழவும் விரைந்து நகரவும் இயலாத தாயின் தலைக்குமேல் அப்படியொரு கூட்டத்தை விட்டுவைக்க எந்த மகன் சம்மதிப்பான்? அம்மா மட்டும், "அது என்னைய ஒண்ணும் பண்ணலையே, பாத்துட்டுத்தானே போகுது" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

தீப்பந்தத்தைத் தடுத்தவர் அடுத்த தெருவில் வாழும் முதிய ஓடாவி. தோணி கட்டுவதிலேயே ஆயுளைக் கழித்தவர். தூளை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். துளையில் விரலை வைத்துப் பார்த்தார். "தமரூசி போட்ட மாதிரி இருக்கு பாத்தீங்களா? இது கதண்டு இல்ல தம்பி, கருவண்டு. மரத்தைக் கடிக்கும், தின்னாது. எண்ணெய் பூசாத கட்டையாப் பாத்துதான் வந்து உக்காரும்" என்றார்.

அதன்பின் நிதானமாகப் பார்த்தோம். கதண்டுக்கு ஒடுங்கிய இடை. உடலில் மஞ்சள் பட்டை. மரநாரை மென்று காகிதம்போல் கட்டிய பெருங்கூடு. அதில் கூட்டு வாழ்வு. இதுவோ உருண்டு தடித்தது, மயிர் அடர்ந்தது, கூட்டமாய்க் கூடு கட்டாதது. முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது; முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் பெண்ணுக்கு மட்டுமே அது உண்டு. பெண்ணோ கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்ட மனம் கொள்வதில்லை.

நம் முன்னோர் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பெயர்களைப் பிரித்து வழங்கினார்கள். வண்டு துளைத்த மூங்கிலில் மேல்காற்று புகுந்து குழலோசை எழுவதைக் கபிலர் அகநானூற்றில் பாடியிருக்கிறார். கச்சான் காற்று நாளெல்லாம் வீசும் ஊரில் வாழும் நாமோ, துளை கண்டதும் தீப்பந்தம் தேடினோம்.

இவ்வண்டினத்துக்கு அறிவியலார் இட்ட பெயர் சைலோகோபா. 'மரம் வெட்டுபவர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1802-இல் அப்பெயரை இட்டவர் பிரான்சு நாட்டுப் பியேர் ஆந்த்ரே லத்ரெய். அவர் 1786-இல் குருப்பட்டம் பெற்றவர் என்று அறிந்தபோது வியப்பு மேலிட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு கேட்ட உறுதிமொழியை அளிக்காததால் 1793-இல் சிறைப்பட்டார். போர்தோ நகரச் சிறையில் தரையில் ஊர்ந்த சிறு வண்டொன்றை அவர் உற்று நோக்கிக் கொண்டிருந்ததைச் சிறை மருத்துவர் கண்டார். "இது அரிய வகை" என்று இவர் சொல்ல, அவ்வண்டு ஓர் இளம் இயற்கை ஆய்வாளரின் கைக்குப் போயிற்று. லத்ரெயின் ஆய்வுகளை முன்பே அறிந்திருந்த அவ்விளைஞர் முயன்று அவரை விடுவித்தார். உடனிருந்த கைதிகள் பலர் விரைவில் மாண்டனர். ஒரு பூச்சியின் பெயரை அறிந்திருந்ததால் உயிர் பிழைத்தவர், சில ஆண்டுகளில் எங்கள் உத்தரத்து வண்டின் இனத்துக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்.

எங்கள் பங்கைச் சேர்ந்த, விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மேலும் விளக்கினார். பெண் வண்டு நேராகத் துளைத்து உட்சென்று, பின் மரத்தின் நாரோட்டத்தை ஒட்டித் திரும்பிச் சுரங்கம் தோண்டுகிறது. மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உருண்டையை உள்ளே வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. மரத்தூளால் சுவர் எழுப்பி அறையை அடைக்கிறது. பிறகு அடுத்த அறை. பூச்சிகள் இடும் முட்டைகளிலேயே மிகப் பெரியவை இவ்வினத்தாருடையவை. ஆவாரம்பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து, மகரந்தத்தை உதிர்க்கவும் இதற்குத் தெரியும். எருக்கம்பூவையும் இது நாடும். ஆந்திராவில் முருங்கைப் பூக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுக்கு மகரந்தம் சேர்ப்பதில் இக்கருவண்டுகளே முதன்மையானவை எனக் கண்டிருக்கிறார்கள். பந்தலுக்குப் பத்தடி தள்ளி எங்கள் முருங்கை பூத்துக் குலுங்கிக் கொண்டிருந்தது.

ஆயினும் உத்தரம் சேதப்படுவது உண்மைதானே? தாத்தா தொட்ட மரம் அது. கடலில் இதைக் காத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அங்கே பகை, கப்பல் புழு. பெயர்தான் புழு; உண்மையில் அது முத்துச் சிப்பியைப்போல் இரு ஓடுடைய உயிர். 1961 வரை முத்துக் குளிப்பு நடந்த இக்கரையில் ஒரு சிப்பி ஊருக்குப் பெருமை சேர்த்தது. அதன் உறவு அவ்வூரின் மரக்கலங்களை அரித்தது. அந்தப் புழுவுக்குத் தப்பி வந்த கட்டையை வண்டுக்குக் கொடுப்பதா என்று தம்பி கேட்டான். கேள்வி நியாயமானது.

இறுதியில் ஓடாவியின் யோசனைப்படி செய்தோம். வண்டு தொடாத கட்டைகள் அனைத்துக்கும் எண்ணெய் பூசினோம். நடு உத்தரத்துக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுத்தோம். வண்டு குடியிருந்த துளைகளை அடைக்கவில்லை. வள்ளத்தின் மிச்சக் கட்டை ஒன்றை எண்ணெய் பூசாமல் முருங்கையருகே சாய்த்து வைத்தோம். அங்கே இரண்டு வண்டுகள் வந்தன. பழைய உத்தரத்தை விடாதவையும் உண்டு.

அவ்வாண்டுப் பாஸ்கா திருவிழிப்புக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலத்தில், திரிக்கு மெழுகு தந்த தேனீயும் நினைக்கப்படுகிறது. எங்கள் உத்தரத்து வண்டு மெழுகும் தருவதில்லை. நாம் எடுத்துண்ணத் தேனும் வைப்பதில்லை. அதற்கென்று புகழுரை ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆசாரி இன்னும் வேலை பாக்குதா?" என்பதுதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் உத்தரத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். தம்பி வாரந்தோறும் விரல் கணுவால் தட்டி ஓசை பார்க்கிறான். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போடச் சொன்னால் அம்மா கேட்பதில்லை. மஞ்சள் தூள் இப்போதும் அவர் மடியில் விழுகிறது. இடக்கையால் தட்டிவிட்டு, வலக்கையில் அடுத்த மணியை உருட்டுகிறார்.