எண்ணி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும் தயிர்

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனம். கீழே குளிரறையிலிருந்து யோகர்ட் கப்புகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. அதே பேட்ச்சில் எடுத்த ஒரு கப் மாடியில், ஆய்வுக்கூட மேஜைமேல் இருந்தது. அதில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கின்றன என்று சொல்ல மூன்று நாள் ஆகும். வேன் அதுவரை நிற்குமா?

“புளிப்பும் பி.ஹெச்-சும் சரியா இருந்தா வண்டி கிளம்பிடும் சார். எங்க கவுண்ட் பின்னாடிதான் வரும்” என்றார் அங்கே மூத்தவர். மற்ற பெண்கள் அவரை அக்கா என்கிறார்கள். எல்லோரும் மைக்ரோபயாலஜி படித்தவர்கள்.

கப்பின் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துத் திறந்தார். 10 கிராம் யோகர்ட், 90 மில்லி பெப்டோன் கரைசல். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஸ்டொமக்கரில் மாட்டினார். உள்ளே இரண்டு தட்டுகள் பையை மாறி மாறி மிதிக்கின்றன. எத்தனை நிமிடம் என்று கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அந்தத் தாளை மீறி யாரும் கூட்டவோ குறைக்கவோ கூடாதாம்.

யோகர்ட்டில் வேலை பார்க்கிற இருவரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் உருண்டை. தனியாக இருக்காது, கோத்த மணி மாதிரி சங்கிலியாக ஒட்டிக்கிடக்கும். பத்து மணிச் சங்கிலி, பாக்டீரியா வளர்க்கும் பெட்ரித் தட்டில் விழுந்தாலும் வளர்ந்து வருவது ஒரே ஒரு புள்ளிதான். கூடுதலாக மிதித்தால் சங்கிலி அறும். ஒன்று இரண்டாகும், மூன்றாகும். கப்பில் ஒரு பாக்டீரியாகூடக் கூடாமலே கணக்கு ஏறிவிடும். ரிப்போர்ட்டில் ‘பாக்டீரியா எண்ணிக்கை’ என்று போடாமல் ‘காலனி உருவாக்கும் அலகு’ என்று சுற்றி வளைத்து எழுதுவது இதனால்தான். இது தெரிந்த பிறகு, கப்பின்மேல் கோடிக்கணக்கில் அச்சடித்திருப்பதை முன்போல என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்தது டைல்யூஷன். ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லியில். அதிலிருந்து ஒரு மில்லி அடுத்த ஒன்பதில். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டின் டிப்பை மாற்றுகிறார்கள். பழைய டிப்பில் ஒட்டிய துளி அடுத்த குழாய்க்குப் போனால் பிழை படிக்குப் படி பெருகும். நாள் முழுக்கப் பிப்பெட்டை அமுக்கி அக்காவுக்குக் கட்டை விரலில் வலி. “மழைக்காலத்துல ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை அமுக்கினார்.

கடைசிப் படியிலிருந்து ஒரு மில்லியைப் பெட்ரித் தட்டில் விட்டு, மேலே உருகிய அகரை ஊற்றுகிறார்கள். அகர் 45 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கூடினால் பாக்டீரியா செத்துப்போகும். குறைந்தால் கட்டி தட்டும். வாட்டர் பாத்தில் வெப்பமானி இருக்கிறது. ஆனாலும் பாட்டிலை எடுத்துப் புறங்கையில் ஒரு முறை வைத்துப் பார்க்காமல் யாரும் ஊற்றவில்லை. பிறகு தட்டை வலப்பக்கம், இடப்பக்கம், முன்னும் பின்னும் சுழற்றி வைக்கிறார்கள்.

இரண்டு பாக்டீரியாவுக்கும் இரண்டு வளர்ப்பு மீடியா. உருண்டைக்கு எம்17. 1975-ல் டெர்சாகியும் சாண்டைனும் இதைச் செய்தபோது அவர்கள் கண் யோகர்ட்டின் மேல் இல்லை. வேறு பால் பாக்டீரியாவையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் வளர்க்கவே செய்தார்கள். அதில் இருக்கும் கிளிசரோபாஸ்பேட் புளிப்பைக் கட்டி வைப்பதால் தெர்மோஃபிலஸ் தடையில்லாமல் வளரும். இருவரில் மற்றதான, கோல் வடிவ பல்காரிகஸ் தலைகாட்டாது. பல்காரிகஸுக்கு எம்ஆர்எஸ், பி.ஹெச் 5.4-க்குப் புளிக்க வைத்தது. அந்தப் புளிப்பில் உருண்டை அடங்கிவிடும். பல்காரிகஸ் தட்டுகளைக் காற்றில்லாத ஜாடியில் அடைக்க வேண்டும். இரண்டுக்கும் 37 டிகிரி. முதலாவதற்கு 48 மணி நேரம், இரண்டாவதற்கு 72.

மூன்று நாள் முன்பு வைத்த தட்டு ஒன்றை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தார். லென்ஸ் வழியே பார்த்தேன். பல்காரிகஸ் காலனிகள், சில பயறு வடிவில், சில விளிம்பு பிசிறி நட்சத்திரம் போல. ஒவ்வொன்றுக்கும் நேராகத் தட்டின் அடியில் மார்க்கரால் புள்ளி வைக்க வைக்கக் கவுண்டர் டிக் டிக்கென்றது. 182. பத்து லட்சம் மடங்கு நீர்த்த தட்டு. ஆக, கிராமுக்கு 18 கோடியே 20 லட்சம். முந்நூறைத் தாண்டினால் எண்ணுவதில்லை. ‘டிஎன்டிசி’ (எண்ண முடியாத அளவு) என்று எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள்.

சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ்படி யோகர்ட்டில் உறை பாக்டீரியா கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும். அதுவும் தயாரித்த அன்று மட்டுமல்ல, காலாவதி நாள் வரை. அதற்காக ஒவ்வொரு பேட்ச்சிலும் சில கப்புகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கெடு முடிகிற நாளில் எண்ணுகிறார்கள். ஊரார் சாப்பிட்டு முடித்த தயிருக்கு அன்றுதான் பரீட்சை.

மைக்ரோஸ்கோப் உடனே காட்டுமே என்றேன். காட்டும், மெத்திலீன் நீலம் ஏற்றினால் உருண்டையும் கோலும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் செத்ததும் நீலம், உயிரோடிருப்பதும் நீலம். பிசிஆரிலும் அதே சங்கடம். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ உடனே அழிந்துவிடுவதில்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி தேவலை. சவ்வு கிழியாத செல் பச்சையாக ஒளிரும், கிழிந்தது சிவப்பாக. சில மணி நேரத்தில் கணக்கு கையில். 2015-லேயே ஐஎஸ்ஓ இதற்கு ஒரு முறை வகுத்துவிட்டது.

“வாங்கலாமே?”

“விலையை விடுங்க சார். உயிர் இருந்தும் தட்டுல வளராததையெல்லாம் அது சேர்த்து எண்ணும். அலகே வேற. எங்க ரிஜிஸ்டர்ல காலனிக்குத்தான் கட்டம் இருக்கு. மெஷின் சொல்ற நம்பரை ஆடிட்டர் வந்தா எந்தக் கட்டத்துல காட்டுறது?”

கெடு முடிந்த கப்புகளின் பட்டியல் வந்தது. அக்கா புது டிப் பெட்டியைப் பிரித்தார்.