சொரசொரப்புக்கு ஒரு படம்

தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி புகைப்படம் எடுக்க வேண்டும். மதுரையில் விஸ்காம் முதல் வருஷம் படிக்கும் என் மகளுக்கு இந்தத் தடவை கொடுத்திருக்கும் வேலை இதுதான். இயற்கையில் உள்ள உருவங்கள், அவற்றின் 'டெக்ஸ்ச்சர்', மொத்தம் 12 படங்கள். கூடவே எதை, எங்கே, எந்த வெளிச்சத்தில், ஏன் எடுக்கப் போகிறேன் என்று ஒரு திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திட்டம் முதலில், படம் பிறகு. ஒரு வார லீவில் இராமநாதபுரம் வந்தவள் பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, "டெக்ஸ்ச்சருக்குத் தமிழில் என்னம்மா?" என்று கேட்டாள்.

அகராதியில் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. சமையற்கட்டில் நின்றபடியே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: சொரசொரப்பு, வழவழப்பு, மொரமொரப்பு, நெறுநெறுப்பு, கொழகொழப்பு, பிசுபிசுப்பு. "ஒண்ணு கேட்டா ஆறு சொல்றியே!" என்று சிரித்தாள். இன்னும் ஆறு சொல்ல முடியும், சகோதரிகளே. இடியாப்ப மாவின் பதத்தையும், ரவை வறுபட்டதையும், முறுக்கு மாவில் வெண்ணெய் போதுமா என்பதையும் கண்ணால் பார்த்தா சொல்கிறோம்? இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசிப் பார்த்தால் போதாதா?

என் வீட்டுக்காரருக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. "கல்லையும் மண்ணையும் படம் பிடிக்கவா பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம்? நர்ஸிங் சேர்னு அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார். மகளின் முகம் வாடிவிட்டது. அவுக கோபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. படித்து முடித்தால் வேலை என்ன என்று அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. இந்த 12 படங்களை அவர் கண்ணுக்கும் படுகிற மாதிரி எடுத்தாக வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

முதலில் அவள் போட்ட பட்டியலில் 40 சாமான் இருந்தது. மயில் தோகை, ஆமை ஓடு, எறும்புப் புற்று, பூனை, மேகம் எல்லாம். வீட்டைச் சுற்றிக் கிடைப்பதும், ஒரே நாளில் போய்த் திரும்பக் கூடியதும் மட்டும் இருக்கட்டும் என்று அடித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் பனை, மிளகாய், மணல், பவளப்பாறை, பாசி என்று ஐந்து நின்றது.

அடுத்தது வெளிச்சம். இதைச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முழுசாகப் போய்விட்டது, மறு கண்ணில் நிழலாட்டம் மட்டும் தெரியும். "உளுந்துல கல்லு பொறுக்கையில சுளகை எப்படித் தாயி பிடிப்ப? உச்சி வெயில்லயா பிடிப்ப? வாசப்படியில உக்காந்து காலை வெயிலு சாஞ்சு விழுற மாதிரில்ல பிடிக்கணும். அப்பத்தான் கல்லோட நெழலு தெரியும்" என்றார். அத்தனை பெரிய பாடம் இவ்வளவுதான். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிவது நிழலால். வெளிச்சம் நேராக விழுந்தால் நிழல் இல்லை, எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் ஊசி முனையளவு மேடும் நீண்ட நிழல் போடும்.

அன்று ராத்திரியே சோதித்துப் பார்த்தோம். பனைமட்டைத் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, விளக்கை அணைத்து, டார்ச்சை நேரே மேலிருந்து அடித்தாள். ஏதோ பழுப்பாக ஒரு கட்டை. அதே டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்ததும் ஒவ்வொரு நாரும் எழுந்து நின்றது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மட்டுமே வெளியே படம் என்று திட்டத்தில் எழுதிக்கொண்டாள். நீங்களும் குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம், காலணா செலவில்லை.

பளபளக்கும் பொருளுக்கு மட்டும் இது ஆகாது. ஈரப் பாசி, கிளிஞ்சல், மிளகாய் இவற்றின் மேல் நேர் வெயில் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது. மேகமூட்டம் இருந்தால் நல்லது. மாசி மாதத்தில் நம் பக்கம் மேகத்துக்கு எங்கே போவது? பழைய வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பந்தல் மாதிரிப் பிடித்தால் அதுவே மேகம்.

பனை நம் சீமையின் மரம், அதில் தொடங்கினாள். ஒரே மரத்தில் எத்தனை விதம்! உரம் பாய்ந்த மரத்தின் உடம்பில் மட்டை உதிர்ந்த தழும்பு வளையம் வளையமாக இருக்கும். மட்டையின் இரு ஓரமும் ரம்பம் போலக் கருக்கு. மட்டையடியில் பன்னாடை, நெய்த துணியேதான். அத்தைக்கு ஓலைப்பெட்டி முடைவது இன்றும் கைவந்த வேலை, பார்வையே வேண்டாம். ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்தோம். விரலை ஓட்டி, "இது குருத்தோலை, இது சாரோலை, இது காவோலை" என்று சொல்லிக்கொண்டே போனார். பேத்தி நோட்டில் எழுதியது மரத்தின் பெயரை அல்ல, அப்பத்தாவின் விரல் எங்கே நின்றது என்பதை. எங்கே விரல் நின்றதோ அங்கேதான் காமிரா போக வேண்டும் என்றாள். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

அத்தையின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது புரை அல்ல, கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்பார்கள். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வை முதலில் மெல்லக் குறையும். நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார், வயசாகிவிட்டது என்போம். புரையானால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இதில் போன பார்வை போனதுதான். இருப்பதைத் தினமும் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், சிலருக்கு அறுவையும் தேவைப்படும். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். அதனால் 40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்வது அவசியம். அவர் பெற்ற பிள்ளைக்கு 50 ஆகிறது. போகலாம் போகலாம் என்று மூன்று வருஷமாகத் தட்டிக் கழிக்கிறார்.

மிளகாய்க்கு வருவோம். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு உண்டு. இந்த மாதத்தில் களத்தில் குண்டு மிளகாய் காயும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த இராமநாதபுரம் குண்டுதான். பறித்த அன்று கண்ணாடி போல் இருக்கும் தோல், நாலு நாள் வெயிலில் சுருங்கி மடிப்பு மடிப்பாகிவிடும். பறித்த அன்று ஒன்று, பாதி காய்ந்தது ஒன்று, முழுக்கக் காய்ந்தது ஒன்று என மூன்று படம் போட்டிருக்கிறாள். "இதையெல்லாம் ஒரு கலைன்னு யார் பார்ப்பா?" என்று அவுக கேட்டதும், போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்பவர் 1930-ல் ஒரு குடை மிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தது. மல்யுத்தக்காரனின் முதுகு மாதிரி இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற வாத்தியார் வெறும் செடி கொடிகளையே பல வருஷம் எடுத்து 1928-ல் புத்தகமாகப் போட்டாராம். அவுக ஒன்றும் சொல்லாமல் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம காயி இதைவிட நல்லா இருக்கும்" என்றார். அரை சம்மதம்!

மணலுக்கு தனுஷ்கோடிதான். அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் காற்று மணலை வரி வரியாகக் கோலம் போட்டிருக்கும். காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும், மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். வெயில் சாய்ந்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் கறுப்பு. காலடி படும் முன் எடுத்துவிட வேண்டும். மாலையானால் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கிடைப்பது ஒரு மணி நேரம்தான். வயசுப் பெண்ணை அந்த அத்துவானத்துக்குத் தனியே அனுப்ப எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் நானும் போகிறேன் என்று திட்டத்தில் சேர்க்கச் சொன்னேன். "உதவியாளர் : அம்மா" என்றே எழுதியிருக்கிறாள்.

பவளப்பாறை என்றதும் எனக்குத் திக்கென்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது. பவளத்தை எடுப்பதோ, விற்பதோ, வைத்திருப்பதோகூட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2001-ல் கடல் அட்டையையும் கடல் குதிரையையும்போலப் பவளமும் அந்தப் பட்டியலில் ஏறியது. கரையில் ஒதுங்கிய துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் சிக்கல்தான். சுற்றுலா போகும் சகோதரிகள் குழந்தைகளின் பையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடலில் இறங்காமல், எதையும் எடுக்காமல் பவளத்தைப் பார்க்க வழி இருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த மாதா கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் பவளக் கல்லை வெட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு சிறு உயிர் குடியிருந்த வீடு. சுவரில் மாலை வெயில் ஓரமாக உரசிப்போகும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பவளத்தின் இனம் தெரியாவிட்டால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த நிலையம் 1947-ல் தொடங்கியது.

பாசியில்தான் வாக்குவாதம் வந்தது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பெயர்களே அழகு. கடற்பாசிப் பாயசம் செய்கிறோமே, அந்த அகர் அகர் இதில் சிலவற்றிலிருந்து வருவதுதான். மகளுக்கு அந்தப் பெண்களின் கைகளையும் எடுக்க ஆசை. உப்பில் ஊறி வெடித்த விரல், பக்கத்தில் பாசி. படம் பிரமாதமாக வரும், சந்தேகமில்லை. கேட்டு வரலாம் என்று கரைக்குப் போனோம். காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பாசியை எடுத்துக்க தாயி. எங்க மூஞ்சி வேணாம், கையும் வேணாம். படம் எங்கிட்டுப் போகும், யாரு பார்ப்பாகன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். தீவுப் பக்கம் போனால் வனத்துறையோடு தகராறு என்ற பயம் அவருக்கு. பிழைப்பல்லவா?

மகள் வரும் வழியெல்லாம், "கை மட்டும்தானேம்மா, யாருன்னு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தாள். வேண்டாம் என்றவரின் கையைத் தூரத்திலிருந்து எடுப்பது திருட்டு என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. பாசி மறுபடி வளரட்டும் என்று தாங்களாகவே மாதத்தில் பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்து லட்சுமி என்பவருக்கு 2015-ல் சீக்காலஜி என்ற வெளிநாட்டுப் பரிசே கிடைத்தது.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-லேயே காமிரா இல்லாமல் கடற்பாசியைப் படம் எடுத்திருக்கிறார். மருந்து தடவிய காகிதத்தின் மேல் பாசியைப் பரப்பி வெயிலில் வைத்துத் தண்ணீரில் அலசினால், நீலப் பின்னணியில் பாசி வெள்ளையாகப் பதிந்துவிடும். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகமே அதுதான் என்கிறார்கள். கரையில் அந்த அம்மா கொடுத்த ஒரு பிடி பாசி எங்கள் வீட்டுத் தட்டில் இருக்கிறது. நீலக் காகிதம் மதுரையில் சிநேகிதியிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு பிரதி அந்த அம்மாவுக்கும்.

இப்போது கணக்கு : பனை 4, மிளகாய் 3, மணல் 2, பவளச் சுவர் 2, பாசி 1. நிறம் கண்ணை இழுத்துவிடும் என்பதால் மிளகாய் தவிர மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. சனிக்கிழமை தனுஷ்கோடி. போனை வைக்க மூடும் பிளாஸ்டிக் பை, லென்ஸில் உப்புப் படிந்தால் துடைக்க மெத்தென்ற பழைய வேட்டித் துணி, காற்றில் கை ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்க ஒரு சின்ன மணை, புளியோதரை, தண்ணீர். வேட்டியின் ஒரு முனையைப் பிடிக்க அவுகளும் வருகிறார். திங்கட்கிழமை மகளை மதுரையில் கொண்டுவிடப் போகும்போது கண் ஆஸ்பத்திரிக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார். காலை 9 மணிக்கு முன்பதிவு நானே போட்டுவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை.