ஈரத்தை விரட்டும் கைகள்

திருகோணமலை நகரில் எந்தத் தெருவில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் எதிர்ப்படும். கிழக்கே கோணேசர் மலையடியில் திறந்த கடல். மறுபக்கம் உட்துறைமுகம். வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று நீளும் மணற்கரை. சுற்றிலும் உப்பு ஈரம் நிற்கும் இந்த ஊரில், ஈரக்காற்றுப் பட்டாலே பிசுபிசுத்துப்போகும் ஒரு தின்பண்டத்தை வீட்டுக் கொட்டிலில் செய்து விற்றுப் பிழைக்கிறார்கள். கச்சான் அல்வா என்பது அதன் பெயர். கச்சான் என்றால் நிலக்கடலை. தமிழ்நாட்டு வாசகர்கள் கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளலாம்.

நிலாவெளி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையின் உள்ளே, தகரக் கூரை போட்ட கொட்டில் ஒன்றில் இந்த வேலையைப் பார்த்தேன். நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். நடத்துகிறவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். மற்ற மூவரும் அவரை அக்கா என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய தாய் கோயில் வாசலில் பெட்டி வைத்து, சுண்டு என்னும் அளவையால் அளந்து, காகிதச் சரையில் கச்சான் விற்றவர். அல்வாவுக்கு மாறியது மகளின் காலத்தில்.

கச்சான் மூட்டை முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் வருகிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மூதூர்க் கரைச் சாமான்கள் களப்பைத் தாண்ட ‘பாதை’ என்ற மிதவையைத்தான் நம்பியிருந்தன. மழை நாளில் மூட்டை நனைந்து வருவது அப்போது வழமை. “நனைஞ்ச மூட்டையைக் காசு குடுத்து வாங்கிப் போட்டு, பிறகு அதைக் காயவைக்கிறதுக்கும் நாங்கள்தான் மாரடிக்க வேணும்” என்றார் அக்கா.

காலையில் முதல் வேலை பொறுக்குவது. கோது உடைத்த பருப்பைச் சுளகில் பரப்பி இரண்டு பேர் எதிரெதிரே இருக்கிறார்கள். பத்துக் கிலோ கச்சானைக் கோதுடைத்தால் ஏறத்தாழ ஏழு கிலோ பருப்புத் தேறும். அதிலும் ஒரு பகுதி இந்தச் சுளகில் கழிகிறது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பட்டது எல்லாம் ஓரமாக ஒதுங்குகின்றன. விரல்கள் போகும் வேகத்தில் எனக்குப் பருப்புகளுக்குள் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு கசந்த பருப்பு வாயில் அகப்பட்டால் வாங்கினவர் திரும்பி வரமாட்டார் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து தீவனமாக வந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ஈரமாகக் கிடந்த கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சு அது. அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தால் குறையுமே தவிர முற்றாகப் போகாது. ஆனால் அது எல்லாப் பருப்பிலும் ஒரே அளவாகப் பரவிக் கிடப்பதில்லை. சுருங்கியதிலும் நிறம் மாறியதிலும்தான் பெரும்பாலும் திரண்டிருக்கும். ஆகவே கண்ணும் விரலுமாகப் பொறுக்கி எறியும் இந்த வேலை, ருசியோடு சேர்த்துத் தின்பவரின் ஈரலையும் காக்கிறது. 2022இல் திரிபோஷா சத்துமாவைப் பற்றி ஒரு சர்ச்சை கிளம்பியபோது அஃப்ளாடொக்சின் என்ற பெயர் இலங்கைப் பத்திரிகைகளில் நிறைய அடிபட்டது. இந்தக் கொட்டிலில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. ஒதுக்கிய பருப்பைக் கோழிக்குக்கூடப் போடுவதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்தது வறுவல். பெரிய இரும்புத் தாச்சியில் ஆற்றுமணல் சூடேறுகிறது. அதற்குள் பருப்பைக் கொட்டிக் கிளறுகிறார்கள். வெறும் தாச்சியில் போட்டால் அடியில் பட்ட பக்கம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மணல் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டைக் கொடுக்கிறது. வறுபட்டதை அரித்தெடுத்து, ஆறவிட்டு, சாக்கில் போட்டுத் தேய்த்தால் சிவப்புத் தோல் கழலும். பிறகு வெளியே நின்று சுளகால் புடைக்கிறார்கள். அடுப்பு விறகும் சிரட்டையும் தின்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் ஊரே காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது இந்த அடுப்பு அணையவில்லை. சீனி விலைதான் கையைக் கடித்தது.

சீனி விலை என்றதும் அக்கா தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். கந்தளாயைச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், இதே மாவட்டத்தில் ஒரு சீனித் தொழிற்சாலை இருந்தது. கந்தளாய்க் குளத்து நீரில் கரும்பு வளர்ந்தது. 1993இல் ஆலை மூடியது. இன்று இலங்கை தின்னும் சீனியில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் கோயில் வாசலில் விற்கும் அல்வாத் துண்டு சிறுக்கிறது.

பாகு காய்ச்சுவதற்கு முன் எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். வெயில் ஏறி, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும்தான் சீனிக்குக் கை போகும். இந்தக் கச்சான் கடலையல்ல, தென்மேற்குப் பருவக்காற்று. அது தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகி வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை தோலை எரிக்கும் அந்தக் காற்றை ஊரில் எல்லோரும் திட்டுவார்கள். இந்தக் கொட்டிலில் அதற்காகக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

பாகு என்பது சீனியிலிருந்து தண்ணீரைத் துரத்தும் வேலை. கரையத் தண்ணீர் விட்டு, பிறகு அந்தத் தண்ணீரையே கொதித்துப் போகவிடுகிறார்கள். நீர் குறையக் குறையப் பாகின் சூடு ஏறுகிறது. 115 பாகை செல்சியஸ் அளவில் எடுத்தால் விரலில் மெத்தென்று உருளும். எள்ளுருண்டைக்குக் கிட்டத்தட்ட அது போதும். 150 பாகையைத் தொடும்போது பாகில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீர்தான் மிஞ்சும். ஆறினால் கண்ணாடிபோல் உடையும். அல்வாவுக்கு அந்தப் பதம் வேண்டும். கொட்டிலில் வெப்பமானி கிடையாது. கோப்பைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு, எடுத்துப் பல்லில் கடித்துப் பார்க்கிறார் அக்கா. பல்லில் ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது. நறுக்கென்று முறிந்தால் தாச்சியை இறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நொடிகள். பிந்தினால் பாகு கறுத்துக் கசக்கும்.

சீனி திரும்பப் பூத்து மணல் மணலாகிவிடாமல் இருக்கத் தேசிக்காய்ச் சாறு சில துளி விடுகிறார்கள். புளிப்பு, சீனியின் ஒரு பகுதியை உடைத்து, அது மீண்டும் படிகமாகாமல் தடுக்கிறது. ஆனால் உடைந்த சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் மூடாப்பான நாளில் தேசிக்காய் குறைகிறது. எத்தனை துளி என்று கேட்டேன். “அது வானத்தைப் பாத்துத்தான் தம்பி” என்றார்.

சர்க்கரை, அதாவது வெல்லம், போட்டுச் செய்வதில்லையா என்று கேட்டதற்கும் அவர் காற்றைத்தான் காட்டினார். “ருசி கூடத்தான். ஆனா எங்கட காத்துக்கு நிக்காது. பின்னேரமே வேர்த்துப்போடும்.” தமிழ்நாட்டின் கோவில்பட்டியில் வெல்லப்பாகில் செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் வறண்ட கரிசல் பூமி. மண்ணுக்கு ஏற்ற பயிர் என்பதுபோல் காற்றுக்கு ஏற்ற பாகும் இருக்கிறது.

பருப்பைப் பாகில் கொட்டியபின் யாரும் பேசுவதில்லை. ஒருவர் புரட்டுகிறார். எண்ணெய் தடவிய பலகையில் ஒருவர் கொட்டுகிறார். அடுத்தவர் உருளைக்கட்டையால் தட்டையாக்குகிறார். அக்கா சட்டம் வைத்துக் கத்தியால் கோடிழுக்கிறார். சூடு இறங்குமுன் வெட்டாவிட்டால் நேராக வெட்டுப்படாது, துண்டு துண்டாக நொறுங்கும். நால்வருடைய கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்களே தவிரப் பதில் சொல்லவில்லை.

வெட்டியது ஆறியவுடன் பொலித்தீனுக்குள் போய்விட வேண்டும். முன்பு வாள் அலகொன்றை மடிப்பில் வைத்து மெழுகுதிரிச் சுவாலையில் இழுத்து ஒட்டுவார்களாம். இப்போது சிறிய மின் ஒட்டி ஒன்று இருக்கிறது. மின்சாரம் நின்றால் மெழுகுதிரி திரும்பி வருகிறது.

அக்காவின் மகள் இதே கொட்டிலின் ஒரு மூலையில் வேறொரு பண்டம் செய்கிறாள். உப்புவெளியில் விடுதிகளுக்குக் கொடுக்கும் சொக்லேட் கச்சான் துண்டு. அதற்கு அடுப்பில் வேகவைக்கும் வேலை இல்லை. வறுத்த பருப்பை மிக்சியில் விடாமல் அரைக்கிறாள். முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும். இன்னும் அரைத்தால் பருப்பில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் எண்ணெய் வெளியே வந்து களியாக இளகும். சொக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கி, கச்சான் களியில் கலந்து, நெற்பொரியும் உடைத்த கஜுவும் முழுக் கச்சானும் சேர்த்துத் தட்டில் அழுத்திக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறாள். இறுகியதும் வெட்டுகிறாள். அமெரிக்காவில் 1939இல் கெலொக் நிறுவனத்தின் மில்ட்ரெட் டே, நெற்பொரியை மார்ஷ்மெலோ பாகில் புரட்டி வெட்டிய துண்டுகள், சிறுமியர் அமைப்பொன்றுக்கு நிதி திரட்ட வீடு வீடாக விற்கப்பட்டன. உலகம் முழுக்கப் பரவிய இந்த வகைத் துண்டுகளுக்கு அது ஒரு முன்னோடி. பொரியைப் பாகில் பிடித்து உருட்டுவது நம்முடைய பாட்டிமாருக்கும் தெரிந்த வேலைதான்.

மகளுக்கும் ஈரம்தான் எதிரி, வேறு விதத்தில். உருகும் சொக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் முழுவதும் திரண்டு மணலாகிவிடும். ஆறி இறுகிய பிறகு ஈரக்காற்று அதை அவ்வளவு அசைக்காது. துண்டைப் பிடித்து வைத்திருப்பது கொழுப்பு. ஆனால் கொக்கோக் கொழுப்பு 34 பாகை அளவிலேயே உருகும். கச்சான் காற்று வீசும் நாளில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கிறது. “ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸ் வைச்சுத்தான் கொண்டுபோறன் அண்ணா. ஐஸ் காசு, ஓட்டோ காசு எல்லாம் போனால் மிச்சம் கொஞ்சம்தான்” என்றாள்.

தாயின் பண்டம் வெயிலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. மகளின் பண்டம் ஈரத்தைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. ஒன்று ஓயும் காலத்தில் மற்றது கைகொடுக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். மகள் இல்லையென்று தலையாட்டினாள். சொக்லேட் சோராமல் நிற்கும் மாரிகாலத்தில் வெள்ளைக்காரர் இந்தக் கரைக்கு வருவதில்லை. கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாத்தீவுக்குப் போட் ஓடாது. அவர்கள் வருவது சொக்லேட் உருகும் மாதங்களில். கச்சான் அல்வாவுக்கோ காலமும் கூட்டமும் ஒன்றாகக் கூடி வருகின்றன. சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம், சித்திரைப் புத்தாண்டு, ஆடி அமாவாசை, வெருகல் திருவிழா. மலைமேல் கோயிலுக்குத் தெற்கிலிருந்து பஸ்களில் வரும் சிங்களக் குடும்பங்கள். எல்லாமே பெரும்பாலும் வறண்ட மாதங்களில்.

ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜனவரிக்குள் பெய்துவிடுகிறது. அப்போது பாகு எந்தப் பதத்தில் எடுத்தாலும் மறுநாள் கையில் ஒட்டும். கொட்டில் ஓய்கிறது. மற்ற மூன்று பெண்களில் ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிறார், ஒருவர் வயலுக்கு, ஒருவர் சும்மா இருக்கிறார்.

ஆனால் கடன் ஓய்வதில்லை. யுத்தத்துக்குப் பிறகு கிழக்கில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைத்து, வாரத் தவணையில் கொடுத்த நுண்கடன்கள் பல குடும்பங்களை மூழ்கடித்தன. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. நெல் விதைக்கிறவருக்கு அறுவடைக்குப் பிறகு திருப்பிக் கொடுக்கும் கடன் இருக்கிறது. அவர் தொழிலுக்குப் பருவம் உண்டு என்று வங்கிக்குத் தெரியும். அல்வாவுக்கும் அதேபோல் ஒரு போகம் உண்டு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சுயதொழில் பயிற்சிகளில் உறையின் நிறத்தையும் லேபிளையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்காவுக்கு வேண்டியது சீமெந்துத் தரையும் ஒழுகாத கூரையும் இறுக மூடும் கதவும் உள்ள ஓர் அறை, அதைக் கட்ட மழைக்காலத்தைக் கணக்கில் எடுக்கும் ஒரு கடன். அந்த அறைக்குள் வாடையிலும் ஓரளவு வேலை நடக்கும் என்பது அவருடைய கணிப்பு. பாகின் பதத்தை வானத்தைப் பார்த்துச் சொல்கிறவரின் கணிப்பை நான் நம்புகிறேன்.

விடைபெறும்போது, பத்திரிகையில் எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். பாகைப் பற்றி எழுதுவேன் என்றேன்.

“பாகைப் பற்றி எழுதுங்கோ. அதோட இதையும் எழுதுங்கோ: மார்கழியில தவணை கேக்காத கடன் ஒண்டு எங்கயும் இருந்தால், நாளைக்கே கையெழுத்துப் போட நான் தயார்.”