முதல் நட்டைத் தொடுவதற்கு முன்

அடி அண்ணாமலையார் கோயிலைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து விலகி ஊருக்குள் திரும்பும் தெருவில் இருக்கிறது அந்தப் பட்டறை. நான் போனபோது புளியமர நிழலில் ஒரு பழைய ஏசி ஆம்னி பஸ் நின்றது. பல வருடம் இரவு ஓட்டம் ஓடி ஓய்ந்த வண்டி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோறு போடும் குழு ஒன்று அதை வாங்கியிருக்கிறது. இருக்கைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியே கிடந்தது. அந்த இடத்தில் சாத அண்டாக்களும் தண்ணீர்த் தொட்டியும் வரப்போகின்றன. கூரை மேல் இருக்கும் ஏசி இறங்க வேண்டும்.

நல்ல ஏசியை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். "இது எஞ்சின்ல ஓடுற ஏசி சார். வண்டி ஒரே எடத்துல நின்னாலும் ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். கதவத் தொறந்து வெச்சு ராத்திரி பூரா சோறு போடுற வண்டிக்கு அது எதுக்கு? டீசல்தான் தண்டம்" என்றார் மேஸ்திரி. கூரை மேல் அதன் பாரம் வேறு. இருநூறு கிலோவுக்குக் குறையாது என்பது அவர் கணக்கு. அத்தனை பாரம் உச்சியிலிருந்து இறங்கினால் வளைவில் வண்டி சாய்கிற பயமும் குறையும்.

பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை. பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த பிறகே வண்டியை உள்ளே விட்டதாக மேஸ்திரி சொன்னார்.

ஸ்பேனரை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது கேஜ். சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று ஹோஸ்கள். சிவப்பும் நீலமும் ஏசியின் இரண்டு வால்வுகளில் மாட்டப்பட்டன. மஞ்சள், வாயுவை இழுத்தெடுக்கும் ரெகவரி மிஷினுக்குப் போனது. மிஷினிலிருந்து இன்னொரு ஹோஸ் தராசின் மேல் நின்ற சிலிண்டருக்கு. குழாய்களுக்குள் இருப்பது ஆர்-134ஏ என்கிற வாயு. ஓசோன் படலத்தை அரித்த பழைய ஆர்-12க்கு மாற்றாக வந்தது. ஓசோனை இது தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். வெளியே விட்ட ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

"பல எடத்துல ஹோஸ லூஸ் பண்ணி விட்டுடுவாங்க. புஸ்ஸுனு போயிடும், பத்து நிமிஷ வேல" என்றார். இங்கே வாயுவைப் பிடிப்பது அரை நாள் வேலை. கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்து கிடந்த வாயு மெல்லப் பிரிந்து வர, முள் மறுபடி ஏறியது. திரும்ப இழுத்தார்கள். முள் ஏறாமல் நிற்கும்வரை இதே வேலை. சிலிண்டரிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரிந்தால் வெடிக்கும். கடைசியில் தராசு நான்கு கிலோ காட்டியது. காற்றில் போயிருந்தால் ஐந்தே முக்கால் டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம்.

இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021இல் ஏற்றது. நம் நாட்டில் படிப்படியான குறைப்பு 2032இல் தொடங்கும். அந்தக் கணக்கு உற்பத்திக்கும் இறக்குமதிக்கும். ஏற்கெனவே பழைய பஸ்களின் வயிற்றில் இருக்கும் வாயு என்ன ஆகும் என்பது இதுபோன்ற பட்டறைகளின் கையில்தான் இருக்கிறது. அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க வண்டிக்காரர்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை என்றார். ஏசி மாட்டினால் கேட்ட காசு கிடைக்கிறது. கழற்றுவதென்றால் பேரம் பேசுகிறார்கள். இது அநியாயம் என்றே நினைக்கிறேன். வாயுவைப் பிடிப்பதற்கான கூலி பில்லில் தனி வரியாக வர வேண்டும், அதை நாம் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும்.

பிறகுதான் கழற்றல். அவிழ்த்த குழாய் வாய்களை உடனுக்குடன் அடைத்தார்கள், ஈரம் புகுந்தால் கம்ப்ரசர் வீணாகிவிடும் என்று. அதை வேறொரு வண்டிக்கு விற்கலாம். மேஸ்திரி அதிக நேரம் செலவிட்டது ஒயரில். ஏசி மின்விசிறிகளுக்கு 24 வோல்ட் மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஒயரை நடுவில் வெட்டி டேப் சுற்றிவிட்டால் ஒரு நாள் தகரத்தில் உரசித் தீப்பிடிக்கும். பேட்டரி முனையிலிருந்தே உருவி எடுக்கச் சொன்னார். செயின் பிளாக்கில் தொங்கி ஏசிப் பெட்டி இறங்கியதும், கூரையில் இரண்டு பெரிய ஓட்டைகள் தெரிந்தன. ஒன்றைத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடுகிறார்கள். இன்னொன்றில் திறந்து மூடும் காற்றுப்போக்கி வருகிறது.

ஏசி போன வண்டிக்கு மூச்சு வேண்டுமே. இந்த பஸ்ஸில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பசை போட்டு ஒட்டிய முழுக் கண்ணாடி. அது கடினப்படுத்திய கண்ணாடி. பாதியாக வெட்டப் போனால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். அதனால் முழுதாகத்தான் எடுக்க வேண்டும். பசைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். "மெதுவா இழுண்ணே, மூல வருது" என்று உள்ளே இருந்த இளைஞர் குரல் கொடுத்தார். மூலையில்தான் கம்பி அறும், கண்ணாடியும் விடும். நான் கிளம்பும்போது இரண்டு கண்ணாடிகள் சேதமில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தன. மிச்சத்தையும் எடுத்து, நகரும் ஜன்னல் சட்டம் பொருத்தி, வண்டியை அடுத்த பௌர்ணமிக்கு முன் கொடுத்தாக வேண்டும்.