ஏழு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் ஃப்ரூட் சாலட்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் வீடுகளில் மாலை நாலு மணியானால் "சில்லுனு ஏதாவது குடுங்க" என்ற குரல் கேட்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அதற்கு நான் செய்யும் எளிய ஃப்ரூட் சாலட்டைப் பற்றி எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடம் எடுத்தவள். அதனால் சமையலோடு கொஞ்சம் பாடமும் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு நிலவரம். நாங்கள் ஏழு பேர். மாமியாருக்கு வயது 86, பல் இல்லை. என் கணவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, நாலு வயதுப் பேரன், நான். ஏழு பேருக்கும் ஒரே பண்டம் ஒத்துவர வேண்டும் என்றால் சும்மா இல்லை!

என் கணவர் பழம் என்றால் உயிரை விடுபவர். பலாப்பழம் வாங்கினால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுப்பது அவர்தான். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் தன் பங்கைத் தொடுவார். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, நாங்கள் பழத்தட்டோடு உட்கார்ந்தால் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. பேத்தி ஒருநாள், "தாத்தாவுக்குப் பழம் பிடிக்காதா அப்பத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு இரவெல்லாம் உறுத்தியது. சர்க்கரை நோய் உடம்பை மட்டும் பிடிப்பதில்லை, மனிதரைக் கூட்டத்திலிருந்து எழுப்பியும் விட்டுவிடுகிறது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். "பழத்தை அறவே விடச் சொல்லி யார் சொன்னது? அளவாகச் சாப்பிடலாம். ஜூஸ் மட்டும் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையில் ஒரு சின்ன கப்" என்றார்.

இதில் உள்ள அறிவியல் எளிதுதான். முழுப் பழத்தில் சர்க்கரையோடு நார்ச்சத்தும் இருக்கிறது. அதை மென்று விழுங்கும்போது சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். ஜூஸாக்கி வடிகட்டினால் நார் வடிகட்டியோடு போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சர்க்கரை பற்றிய வழிகாட்டுதலிலும், தேனையும் பழச்சாற்றையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை. ஆகவே கடையில் தருவதுபோலக் கஸ்டர்டு, சர்க்கரைப் பாகு, ஐஸ்கிரீம் எதுவும் நம் சாலட்டில் கிடையாது. தேனும் கிடையாது.

இனி செய்முறை. ஏழு பேருக்கான அளவு இது.

நன்றாகப் பழுத்த பப்பாளித் துண்டுகள் 2 கப். அன்னாசித் துண்டுகள் 1 கப். கொய்யா 2, ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் விசேஷம். ஆப்பிள் 1. மாதுளை 1. பன்னீர் திராட்சை ஒரு கை. எலுமிச்சை அரை மூடி. உப்பு ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, புதினா நாலைந்து இலை.

எல்லாப் பழங்களையும் நறுக்குவதற்கு முன்பே கழுவித் துடைத்துவிடுங்கள். வெங்காயம் வெட்டிய கத்தியும் பலகையும் வேண்டாம், வாசம் ஏறிவிடும். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே பாத்திரத்தில் பிழிந்து வையுங்கள். ஆப்பிளை நறுக்க நறுக்க அதில் போட்டுப் புரட்டுங்கள். காற்று பட்டால் ஆப்பிளில் உள்ள ஒரு நொதி வேலை செய்து அதைப் பழுப்பாக்கும். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும். பேத்தியிடம் மூன்று துண்டு ஆப்பிள் கொடுத்து, ஒன்றைச் சும்மாவும், ஒன்றை உப்புத் தண்ணீரிலும், ஒன்றை எலுமிச்சைச் சாற்றிலும் வைக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து அவளே பாடம் நடத்தினாள்!

அடுத்து கொய்யா, அன்னாசி, மாதுளை, திராட்சை. பப்பாளி கடைசியில்தான், இல்லையென்றால் குழைந்துவிடும். உப்பை முன்கூட்டியே போட்டால் பழம் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பரிமாறும் நேரத்தில் உப்பு, மிளகு, கிள்ளிய புதினா சேர்த்து இரண்டு புரட்டுப் புரட்டினால் போதும். ஒரு சிட்டிகை உப்பு பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். சர்க்கரையை யாரும் தேடமாட்டார்கள்.

பப்பாளியும் அன்னாசியும் இருப்பதால் பாலோ தயிரோ சேர்க்காதீர்கள். இந்த இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. சிறிது நேரத்தில் பால் கசந்துவிடும். அன்னாசி சாப்பிட்டால் நாக்கு சுணைப்பதற்கும் அந்த நொதிக்கு ஒரு பங்கு உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் வெட்டி விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாமியார் பங்கில் பப்பாளியைக் கூடுதலாக வைத்துக் கரண்டியால் மசித்து, விதையை நீக்கிய கொய்யாவைத் துருவிச் சேர்ப்பேன். அதே பாத்திரத்துப் பழம்தான். "எனக்கு மட்டும் கஞ்சியா?" என்று அவர் கேட்பதில்லை.

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் பழக்கலவை என்றதும் பழனி பஞ்சாமிர்தம்தான் நினைவுக்கு வரும். மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் செய்வது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது பல நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் உள்ள இனிப்புதான். சவ்வூடு பரவல் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். கிருமிகளிடமிருந்து நீரை அந்த இனிப்பு இழுத்துவிடுவதால் அவை பெருக முடியாது. நம் சாலட்டில் சர்க்கரை இல்லை. எனவே அது தாங்காது. செய்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். குளிர்ச்சி வேண்டுமானால் பழங்களை முழுதாகவே ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு நறுக்குங்கள்.

முதல் ஒரு வாரம், சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் இவருக்குச் சர்க்கரை அளவு பார்த்து நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினோம். "இப்படியே தொடருங்கள்" என்றார். அவருக்கென்று ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம், அதுதான் அளவு. இரண்டாவது கிண்ணம் கேட்டால் பேத்தி கொடுக்கமாட்டாள்! இப்போது கொய்யா நறுக்குவது அவர் பொறுப்பு. எல்லோருக்கும் பங்கு வைப்பதும் அவர்தான், பழையபடி தன் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வீட்டுக்குச் சரியானது இன்னொரு வீட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் அதிகமுள்ள பழங்கள் ஆகாமல் போகலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் பழத்தட்டு வரும்போது மெல்ல எழுந்து போகிறவர் யாராவது இருக்கலாம். அவருக்கு எது ஆகும், எவ்வளவு ஆகும் என்று கேட்டு வந்து, அதையே எல்லோருக்கும் செய்து பாருங்கள்.