அப்பா வாங்கிய மஸ்டாங்

மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட் அருகே ஒரு வீடு. கராஜில் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஜாக்கி ஸ்டாண்டுகள் மீது நிற்கிறது. இதை மசில் கார் என்றால், ‘இல்லை, போனி கார்’ என்று திருத்த வருபவர்கள் உண்டு. வாங்கியவர் அப்பா. இப்போது பிரித்துப் போட்டிருப்பவர் மகன்.

மழை பெய்தால் உள்ளே இருப்பவரின் காலில் தண்ணீர் சொட்டும். இந்த மாடலின் தீராத வியாதி அது. வைப்பருக்குக் கீழே, காற்று உள்ளே போகும் தகரப் பெட்டியில் சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, துரு தின்றுவிடும். ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டை எடுத்தால்தான் ஓட்டையே தெரியும். பல சனி, ஞாயிறுகள் அதற்கே போயின. பொறுமையில்லாதவர்கள் சீலன்ட் பூசி பெயின்ட் அடித்துவிடுவார்கள். அடுத்த மழையில் குட்டு வெளிப்படும்.

எஞ்சின் பிரச்னை இல்லை. வண்டி எண்ணில் இரண்டாவதாக ‘எஃப்’, அதாவது டியர்பார்ன் ஆலை. ஐந்தாவதாக ‘சி’, அதாவது 289 கன அங்குல வி8. எல்லாம் அசல்.

சங்கடம் பிரேக்கில்தான். 66 வரை மஸ்டாங் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 67-ல்தான் இரட்டை அறை வந்தது. “மாத்தினா அசல் போயிடும்” என்றார் அப்பா. ஆனால் ஓட்டப்போவது அவருடைய பேத்தி. வயது பதினேழு.

மகன் இரட்டை அறை சிலிண்டரையே பொருத்தினார். பழையதை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார். அவர் எதுவும் பேசவில்லை. பின்சக்கரத்தருகே போய் உட்கார்ந்து, பிரேக்கில் ஏர் எடுக்க பேத்தியைப் பெடல் மிதிக்கச் சொன்னார்.