கேசட்டின் இரண்டாம் பக்கம்

டிசம்பர் 31 இரவு பெங்களூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்த இரவென்றால் திருத்தணிப் படிக்கட்டுதான். 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமாரைக் கும்பிடப் போனவர்களைத் தணிகைமலைத் துரையான முருகனிடம் திருப்பிவிட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படி விழா அது. கற்பூரப் புகையில், பனியில், ஊர் ஊராக வந்த பஜனைக் கோஷ்டிகள் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறும்.

சென்னையில் கல்லூரி விடுதியில் ஜெத்ரோ டல் குழுவின் ‘திக் அஸ் எ பிரிக்’ இசைத்தட்டை (1972) எல்லோரும் வாய்பிளந்து பேசுவார்கள். தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, நாற்பத்துச் சொச்சம் நிமிஷம். அவ்வளவுதானா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குள் பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டார்கள்.

நீளம் மட்டுமில்லை, கணக்கும் எங்களுக்குப் புதிதில்லை. திருப்புகழ் பாடிய பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் நாலு நாலாக நடக்கிற ஆளில்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று சந்தம் மாறிமாறி வரும். பஜனையில் முன்வரிசையில் இருப்பவர்கள் அதை எண்ணிப் பாடி நான் பார்த்ததே இல்லை. கடைத்தெருவில் தமிழிலும் தெலுங்கிலும் மாறிமாறிப் பேரம் பேசும் அதே ஆட்கள்தான் சாயங்காலம் ஜால்ராவோடு உட்கார்ந்து, இடறாமல் அந்தச் சந்தங்களைத் தாண்டிப் போவார்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ பாட்டை (1973) முதன்முதலில் கேட்டபோது என் கை தானாகத் தொடையில் தகிட தகதிமி போட்டது. ஏழு. மிஸ்ர சாபு. கிட்டார் தனி தொடங்கியதும் அவர்கள் நாலுக்கு இறங்கிவிடுவார்கள்; அந்த இடம் எனக்கு இன்றும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தப் பாட்டு எனக்கு வந்தது பெரம்பூர் மாமா பையன் பதிந்து கொடுத்த தொண்ணூறு நிமிஷக் கேசட்டில். முதல் பக்கம் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’, இரண்டாம் பக்கம் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’. அரக்கோணம் வழியாக ரயிலில் வந்து, லீவு முழுக்க இருவரும் பொதட்டூர்பேட்டை அத்தை வீட்டில் கிடந்து அதைக் கேட்டோம்.

அங்கே தெருவெங்கும் விசைத்தறி. பாட்டை நிம்மதியாகக் கேட்க விடாது என்று ஆரம்பத்தில் எரிச்சல். பிறகு தறியையே கேட்கத் தொடங்கினோம். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தறிக்கு ஒரே வேகம் அமையாது. கொஞ்ச நேரம் சேர்ந்து அடிக்கும். ஒன்று மெல்ல முந்தும். நடுவில் ஒரே குழப்பம். எதிர்பாராத ஒரு நொடியில் மறுபடி ஒன்றாகிவிடும். ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் 1967இல் இரண்டு பியானோக்களை இப்படி விலகவிட்டுச் சேர்த்து ‘பியானோ ஃபேஸ்’ என்று ஒரு படைப்பே செய்திருக்கிறார். 1981இல் கிங் கிரிம்சன் குழு ‘டிசிப்ளின்’ தொகுப்பில் இரண்டு கிட்டார்களை வெவ்வேறு கணக்கில் ஓடவிட்டுப் பின்னியது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிற்பாடு. தெரிந்தபோது ‘அட, நம்ம தெரு’ என்றுதான் தோன்றியது.

இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அதன் முதல் உருப்படி ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ பதினெட்டு எண்ணிக்கையில் சுற்றும். ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்தும். மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’யைத் தொடங்கியபோது, கமகத்துக்குத் தந்தியை இழுக்க வசதியாகக் கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்தெடுக்கச் சொன்னவர். இதெல்லாம் அன்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? நல்லா இருக்குடா, அவ்வளவுதான்.

எங்கள் கேசட்டில் அந்த முதல் உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு திருப்புகழ். அத்தையின் மாமனார், எங்களுக்குத் தாத்தா, படி விழாவுக்கு அவர் கோஷ்டி பாடிப் பழகியதை அதன் மேலேயே பதிந்துவிட்டார். கேசட்டின் பின்பக்கத்துத் துண்டை மாமா பையன் உடைத்து வைக்கவில்லை. டேப் ரிக்கார்டரில் இருந்த மைக்கிலேயே பதிந்ததால் பாட்டுக்குப் பின்னால் தறியும் ஓடும். முதல் நாள் அழுதோம். நாலு நாளில் அதுவே சரியான வரிசை என்று ஆகிவிட்டது: பதினெட்டில் கிட்டார், டக், ஜால்ரா, தறி. ஜால்ரா ஒரு இடத்தில் தறியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தாத்தா உடனே ‘ஏய்!’ என்பார். அதுவும் பதிந்திருந்தது.

அப்போது ஊரில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கேசட்டும் நிறையப் பாடும். பாலகொல்லுவில் பிறந்து சென்னைக்கு வந்த பையன், கையில் எலக்ட்ரிக் மாண்டலின். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்களுக்கு அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பிரிக்கத் தெரியாது. 1995இல் மைக்கேல் புரூக்கோடு ‘ட்ரீம்’ வெளியிட்டார். ஜெனிசிஸ் குழுவில் பாடிய பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் போட்டது. தணிகைமலை ஒலிபெருக்கிக்கும் லண்டன் ராக்குக்கும் இடையில் சுவர் இல்லை என்று நான் நம்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. 2014இல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்.

இப்போது நான் இருக்கும் பெங்களூரில் ‘அகம்’ இருக்கிறது. தியாகராஜர் கீர்த்தனையை எடுத்து, டிரம்ஸும் கனத்த கிட்டாருமாகக் கட்டி எழுப்பும் குழு. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் குரலுக்காகவே போய் நிற்பேன். தாளம் அங்கே கத்தி மாதிரி விழுகிறது, குறையே சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் பையன்கள் விரலில் எண்ணிக் கணக்கைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் எண்ணாமல் பாடிய அந்த முன்வரிசை வேண்டியிருக்கிறது.

அத்தை குடும்பம் தறிகளை விற்றுவிட்டுத் திருவள்ளூருக்குப் போய்விட்டது. கேசட் பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ ஒரிஜினல் தட்டு வாங்கி அனுப்பட்டுமா என்று மாமா பையன் போனில் கேட்டான்.

“அதுல தாத்தா இல்லியேடா.”

சிரித்தான். இந்த வருஷம் படி விழாவுக்குப் போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன் என்றான். ஆனால் பாதிப் படியோடு சரி, மீதிக்கு ஆட்டோ, முட்டி தாங்காது என்றான்.